கிழக்கு பெர்லினின் சோசலிசக் குடியிருப்புகள்: வழிகாட்டியோடு சைக்கிளா, தனியாகவா, ரயிலிலா?

பெர்லினுக்குப் போகிறவர்களில் பலர் சுவரின் மிச்சத்தின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு, கிழக்கு பெர்லினைப் பார்த்தாயிற்று என்று திரும்பிவிடுகிறார்கள். சுவர் வெறும் எல்லைதான். அந்த எல்லைக்குள் ஓர் அரசு 40 ஆண்டுகள் தன் மக்களுக்கு எப்படி வீடு கட்டியது, எந்த ஆண்டில் எதற்காகப் பாணியை மாற்றியது, எங்கே பணம் தீர்ந்தது என்பதெல்லாம் அலெக்ஸாண்டர்பிளாட்ஸ் சதுக்கத்தில் தொடங்கிக் கிழக்கே ஏறக்குறைய 15 கிலோமீட்டர் நீளத்துக்குப் பரந்து கிடக்கிறது. நடந்து தீராத தூரம் இது. பேருந்திலோ காரிலோ போனால் முற்றங்களுக்குள் நுழைய முடியாது. சைக்கிள்தான் இதற்குத் தோதான வாகனம்.

அந்தச் சைக்கிளை வழிகாட்டியோடு ஓட்டுவதா, வாடகைக்கு எடுத்துத் தனியாக ஓட்டுவதா, அல்லது சைக்கிளை விட்டுவிட்டு யு5 சுரங்க ரயிலில் ஏறி இறங்கி நடப்பதா என்பதுதான் கேள்வி. எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். கார்ல் மார்க்ஸ் அலே என்ற பெருஞ்சாலையின் கிழக்கு முனையான ஃபிராங்க்ஃபர்ட்டர் டோர் வரை வழிகாட்டி வேண்டும். அதற்குக் கிழக்கே பெரும்பாலானவர்களுக்குத் தேவையில்லை. இரண்டையும் சேர்த்து ஒரே பொதுச் சுற்றுலாவில் முடித்துவிடலாம் என்று நினைப்பதில்தான் ஏமாற்றம் வருகிறது.

முதலில், பார்க்கப் போவது என்ன

அலெக்ஸாண்டர்பிளாட்ஸை ஒட்டிய பகுதி நீங்கலாக, கிழக்கே போகப் போகக் கட்டடத்தின் வயது குறைகிறது. இந்த ஒழுங்கு தெரிந்தால் எந்தச் சுற்றுலா எதைக் காட்டுகிறது, எதை விட்டுவிடுகிறது என்று விளம்பரத்தைப் படித்த உடனே சொல்லிவிடலாம்.

போர் முடிந்ததும் கட்டடக்கலைஞர் ஹான்ஸ் ஷாரூன் குழுவின் திட்டப்படி லுட்மிலா ஹெர்ட்ஸன்ஸ்டைன் வடிவமைத்த இரண்டு எளிய, வெளித்தாழ்வாரம் வைத்த வீட்டு வரிசைகள் 1949-இல் தொடங்கிக் கட்டப்பட்டன. இன்றைய கார்ல் மார்க்ஸ் அலேயில் 102–104, 126–128 எண்கள் கொண்டவை அவை. கட்டி முடிவதற்குள் ஆளும் கம்யூனிஸ்ட் கட்சியின் ரசனை மாறிவிட்டது. இவை வடிவவாதம், அதாவது உருவத்தையே முதன்மையாக்கும் மேற்கத்திய நவீனப் பாணி, என்று கண்டிக்கப்பட்டன. வேகமாக வளரும் பாப்ளர் மரங்களை முன்னால் நட்டு அவற்றை மறைத்தார்கள். இன்றும் சாலையில் வேகமாகப் போகிறவர்கள் இவற்றைக் கவனிப்பதில்லை. வழிகாட்டி இங்கே நிறுத்துகிறாரா என்பதை வைத்தே அவருடைய தரத்தை ஓரளவு எடை போட்டுவிடலாம்.

அடுத்தது ஸ்டாலின் அலே, இன்றைய கார்ல் மார்க்ஸ் அலேக்கு அன்று இருந்த பெயர். 1949 டிசம்பரில் ஸ்டாலினின் 70-ஆம் பிறந்தநாளையொட்டி அந்தப் பெயர் சூட்டப்பட்டது. 1961 நவம்பரில் எடுக்கப்பட்டது. ஸ்ட்ராவ்ஸ்பெர்கர் பிளாட்ஸிலிருந்து ஃபிராங்க்ஃபர்ட்டர் டோர் வரை சுமார் 90 மீட்டர் அகலச் சாலையின் இரு பக்கமும் 'தொழிலாளர் அரண்மனைகள்' என்று அழைக்கப்பட்ட குடியிருப்புகள் எழுந்தன. வடிவமைத்தவர்களில் ஹெர்மன் ஹென்ஸல்மான், எகான் ஹார்ட்மான், ரிச்சர்ட் பாவ்லிக், ஹான்ஸ் ஹோப் ஆகியோர் முக்கியமானவர்கள். ஹென்ஸல்மானின் 9 மாடி வேபர்வீஸ கட்டடம் 1952-இல் இதற்கு முன்மாதிரியாக நின்றது. கட்டுமானத் தொழிலாளர்களின் வேலை அளவை 10 சதவீதம் உயர்த்தியபோது 1953 ஜூன் 16 அன்று இங்கிருந்துதான் வேலைநிறுத்தம் கிளம்பியது. மறுநாள் அது நாடெங்கும் எழுச்சியானது. சோவியத் டாங்கிகள் வந்து அதை அடக்கின.

பிறகு பாணி இன்னொரு முறை திரும்பியது. ஸ்ட்ராவ்ஸ்பெர்கர் பிளாட்ஸிலிருந்து அலெக்ஸாண்டர்பிளாட்ஸ் வரையுள்ள பகுதி 1959-க்குப் பின் கட்டப்பட்டது. அலங்காரம் போய், தொழிற்சாலையில் வார்த்த கான்கிரீட் பலகைகள் வந்தன. யோசஃப் கைஸரின் கினோ இன்டர்நேஷனல் (1963), கூரை விளிம்பில் ஸ்புட்னிக் மாதிரி வைத்த கஃபே மாஸ்கோ (1964) இரண்டும் இந்தப் பகுதியில் எதிரெதிரே நிற்கின்றன. இன்டர்நேஷனல் 2024-இல் புதுப்பிப்புக்காக மூடப்பட்டது. அரங்குக்குள் போக எண்ணினால் இப்போதைய நிலையை விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள்.

1972-இலிருந்து லிஷ்டன்பெர்க்கின் ஃபென்ஃபூல், 1977-இலிருந்து மார்ட்சான், 1980-களில் ஹெல்லர்ஸ்டார்ஃப் என்று கட்டுமான அலை கிழக்கே நகர்ந்தது. 1973-இல் கட்சி அறிவித்த வீட்டுத் திட்டம் 1990-க்குள் வீட்டுப் பிரச்சினையைத் தீர்ப்பதாக உறுதி கொடுத்தது. அதன் முதன்மை ஆயுதம் டபிள்யூபிஎஸ் 70 என்ற பலகைக் கட்டட முறை. ஒரு பலகை அதிகபட்சம் 6.3 டன் எடை, மாடி உயரம் 2.80 மீட்டர், ஒரே அளவுகள் நாடு முழுக்க.

பொதுவாக விற்கப்படும் சுற்றுலாக்கள் இந்த வரிசையில் இரண்டாவதையும் மூன்றாவதையும் காட்டுகின்றன. கடைசி அலையைக் காட்டுபவை குறைவு. காரணம் அலட்சியம் என்று நினைத்துவிட வேண்டாம். கணக்கு அப்படி.

நேரக் கணக்கு

10 முதல் 12 பேர் கொண்ட குழு நகரச் சாலையில் மணிக்கு 10 முதல் 12 கி.மீ. வேகத்தில்தான் நகரும். தனியாக ஓட்டினால் 16 போகிறவர்கூட குழுவில் 11-க்கு இறங்கிவிடுவார். ஒவ்வொரு சிக்னலிலும் குழு இரண்டாக உடையும். முன்னால் போனவர்கள் காத்திருப்பார்கள்.

இதில் ஒரு சட்ட நுணுக்கம் இருக்கிறது. ஜெர்மன் சாலை விதிப்படி 15 பேருக்கு மேல் சைக்கிளில் சேர்ந்து போனால் ஒரே அணியாகப் போக அனுமதி உண்டு. இருவர் இருவராகப் போகலாம். முதல் ஆள் பச்சையில் நுழைந்துவிட்டால் மற்றவர்கள் சிவப்பு விழுந்தாலும் தொடர்ந்து கடக்கலாம். 15 அல்லது அதற்குக் குறைவானால் சிவப்பில் தொடரும் அந்த உரிமை கிடையாது. ஒவ்வொருவரும் தன் சிக்னலைத் தானே மதிக்க வேண்டும். சுற்றுலாக் குழுக்கள் பெரும்பாலும் இந்த எண்ணிக்கைக்குக் கீழே இருப்பதால், வழிகாட்டி போய்விட்டாரே என்று பின்னால் பாய்ந்தால் 60 யூரோ அபராதம். சிவப்பு விழுந்து 1 வினாடிக்கு மேல் ஆகியிருந்தால் 100 யூரோ. சிறு குழுதான் நல்லது, ஆனால் சிறு குழு வேகமாகப் போகும் என்று எண்ணிவிடக் கூடாது.

இப்போது கணக்குக்கு வருவோம். அலெக்ஸாண்டர்பிளாட்ஸிலிருந்து மார்ட்சானின் ஹெலன வைகல் பிளாட்ஸ் வரை சைக்கிளில் சுமார் 10 கி.மீ. போய்த் திரும்ப 20. மணிக்கு 11 கி.மீ. என்றால் பெடல் மிதிக்கவே 1 மணி 50 நிமிடம். மூன்றரை மணி நேரச் சுற்றுலாவில் மிஞ்சுவது 1 மணி 40 நிமிடம். புறப்படும்போது சைக்கிள் பொருத்தி, சீட் உயரம் சரிசெய்து, விதிகள் சொல்வதற்கு 20 நிமிடம் கழியும். ஓர் இடத்தில் நின்று உருப்படியாக விளக்க 8 முதல் 10 நிமிடம் வேண்டும். ஆக மொத்தம் 8 நிறுத்தங்கள். நான்கு காலகட்டங்களைச் சொல்ல அது போதாது. அதனால் நேர்மையான நிறுவனம் இரண்டில் ஒன்றைச் செய்யும். ஒன்று, உள் நகரத்தோடு நிறுத்திக்கொள்ளும். இல்லையென்றால் 5 மணி நேரம் கேட்கும், அல்லது திரும்பும் வழியை எஸ்-பான் என்ற நகர்ப்புற ரயிலில் வைக்கும். மூன்றரை மணி நேரத்தில் மார்ட்சான் வரை போய்த் திரும்புவோம் என்று யாராவது எழுதியிருந்தால், கட்டடங்களை ஓடுகிற சைக்கிளிலிருந்துதான் பார்ப்பீர்கள்.

வழிகாட்டியோடு பொதுச் சுற்றுலா

மூன்று, மூன்றரை மணி நேரத்துக்கு, சைக்கிளோடு சேர்த்து ஏறக்குறைய 30 முதல் 45 யூரோ. மொழி பெரும்பாலும் ஆங்கிலம் அல்லது ஜெர்மன். 12–15 கி.மீ., மேடு கிடையாது. சைக்கிள் ஓட்டத் தெரிந்த யாருக்கும் உடல் ரீதியாக இது சிரமமில்லை.

இதற்குக் கொடுக்கும் பணம் கட்டடத்தின் பின்பக்கத்துக்குத்தான். கார்ல் மார்க்ஸ் அலேயின் முகப்பு யாருக்கும் தெரியும், புத்தகத்திலேயே பார்த்துக்கொள்ளலாம். வாகன வழி வளைவுக்குள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு முற்றத்துக்குள் போனால் கதை மாறும். முன்பக்கம் பீங்கான் ஓடு, தூண், பால்கனிக் கைப்பிடி என்று செலவழித்தவர்கள் பின்பக்கம் கையைச் சுருக்கியிருப்பது கண்ணுக்கே தெரியும். முன்பக்க ஓடுகளை அருகில் போய்ப் பாருங்கள். சில இடங்களில் நிறம் ஒரு பிடி வெளுத்தோ அடர்ந்தோ இருக்கும். அவை பிற்கால மாற்று ஓடுகள். பழைய ஓடுகள் சாந்து பிடிக்காமல் கிழக்கு ஜெர்மனி இருந்தபோதே உதிரத் தொடங்கிவிட்டன. நடைபாதையில் போகிறவர் தலையில் விழாமலிருக்க மறைப்புக் கூரை போட வேண்டியிருந்தது. இரு ஜெர்மனிகளின் இணைப்புக்குப் பின் 1990-களில் கட்டடங்கள் விற்கப்பட்டுப் புதுப்பிக்கப்பட்டன. இந்த ஓட்டு வித்தியாசத்தை யாராவது சுட்டிக்காட்டினால்தான் தெரியும்.

அதேபோல ஃபிராங்க்ஃபர்ட்டர் டோரின் இரட்டைக் கோபுரங்கள். சோவியத் பாணி என்று பலர் கடந்துபோய்விடுவார்கள். ஹென்ஸல்மான் எடுத்துக்கொண்ட மாதிரி பெர்லினின் 18-ஆம் நூற்றாண்டு ஜென்டார்மன்மார்க்ட் தேவாலயக் கோபுரங்கள். வடிவத்தில் தேசியம், உள்ளடக்கத்தில் சோசலிசம் என்று அன்றைய கொள்கை பேசியது. அதைக் கல்லில் பார்க்கும் இடம் இது. நல்ல வழிகாட்டி இதை இரண்டு நிமிடத்தில் புரியவைப்பார்.

முன்பதிவுக்கு முன் கேட்க வேண்டியவற்றில் முதலாவது, பாதை ஃபிராங்க்ஃபர்ட்டர் டோருக்குக் கிழக்கே போகுமா என்பது. 'கிழக்கு பெர்லின்' என்ற தலைப்பில் விற்கப்படுபவற்றில் சில, சுவர் நினைவிடம், ஈஸ்ட் சைடு கேலரி, செக்பாயின்ட் சார்லி என்று எல்லையைச் சுற்றிவிட்டு கார்ல் மார்க்ஸ் அலேயில் ஒரே ஒரு முறை நிற்கும். அது மோசமான சுற்றுலா அல்ல. நீங்கள் தேடுவது அதில் இல்லை, அவ்வளவுதான். இரண்டாவது, குழுவின் அதிகபட்ச எண்ணிக்கை. 12-க்கு மேல் போனால் பெருஞ்சாலை ஓரத்தில் பின்வரிசைக்கு விளக்கம் கேட்காது. மூன்றாவது, சைக்கிளின் அளவு. ஜெர்மன் வாடகைக் கடைகளில் 165 செ.மீ.க்கு மேற்பட்டவர்களுக்கான சட்டகங்களே அதிகம். 150 முதல் 158 செ.மீ. உயரமுள்ளவர்கள் அளவை முன்பே எழுதித் தெரிவிக்காவிட்டால், சீட்டைக் கடைசி மட்டத்துக்கு இறக்கியும் கால் தரையில் படாமல் தவிக்க நேரும். மழைக்கு என்ன ஏற்பாடு என்பதும் முக்கியம். பெர்லினில் தூறலுக்காகச் சுற்றுலாவை நிறுத்த மாட்டார்கள். எந்த நிலையில் பணம் திரும்பும் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

தனி வழிகாட்டி

நாலைந்து பேர் சேர்ந்து வந்திருந்தால் இதைத் தீவிரமாக யோசிக்கலாம். கட்டணம் ஆளுக்கு அல்ல, குழுவுக்கு என்பதால் ஐந்து பேரில் பகிர்ந்தால் பொதுச் சுற்றுலாவைவிட மிக அதிகமாக வராது. பாதையை நீங்களே கேட்டு வாங்கலாம் என்பது பெரிய லாபம். ஃபென்ஃபூல், லிஷ்டன்பெர்க், மார்ட்சான் என்று கேளுங்கள். சுவரை விட்டுவிடச் சொல்லுங்கள். திரும்புவதை ரயிலில் வையுங்கள். கட்டடக்கலை படித்த வழிகாட்டி கிடைத்தால் இன்னும் நல்லது. பலகைக் கட்டட வகைகளைப் பிரித்துச் சொல்ல பொது வழிகாட்டிகள் பலருக்கு வராது. உதாரணமாக 1960-களின் பி2 வகையில் சமையலறைக்கு ஜன்னல் கிடையாது. வசிப்பறைக்கும் அதற்கும் நடுவே உணவை நீட்டும் திறப்பு மட்டும் இருக்கும். அதன் சோதனைக் கட்டடம் 1962-இல் ஃபென்ஃபூல் பகுதியில்தான் எழுந்தது. வெளியே நின்று பார்ப்பவருக்கு எல்லாம் ஒரே பெட்டி. வகை தெரிந்தவருக்கு உள்ளே குடும்பம் எங்கே உட்கார்ந்து சாப்பிட்டது என்பதுவரை தெரியும்.

வாடகைச் சைக்கிள், சொந்தப் பாதை

கடையில் ஒரு நாளைக்கு 12 முதல் 18 யூரோ அளவில் கிடைக்கும். செயலியில் திறக்கும் தெருவோரச் சைக்கிள்கள் வசதியாகத் தோன்றும். ஆனால் அவற்றுக்குச் சேவை எல்லை உண்டு. எல்லைக்கு வெளியே விட்டால் கூடுதல் கட்டணம். மார்ட்சான், ஹெல்லர்ஸ்டார்ஃப் போகிறவர்கள் செயலியின் வரைபடத்தில் எல்லையைப் பார்த்துக்கொண்ட பிறகே எடுக்க வேண்டும். நீண்ட நாளுக்குக் கடைச் சைக்கிளே மேல்.

தமிழ்நாட்டிலோ இலங்கையிலோ சைக்கிள் பழகியவர்களை ஜெர்மன் வாடகைச் சைக்கிள் இரண்டு இடத்தில் தடுமாற வைக்கும். முதலாவது பின்மிதி பிரேக். பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பின் சக்கரம் நின்றுவிடும். சிக்னலில் நிற்கும்போது பெடலைப் பின்னால் சுழற்றி வசதியான நிலைக்குக் கொண்டுவரும் பழக்கம் நமக்கு உண்டு. இங்கே அது நடக்காது. நிற்பதற்கு முன்பே ஒரு பெடல் மேலே, சற்று முன்னால் வருமாறு பார்த்து நிறுத்த வேண்டும். இரண்டாவது கை பிரேக். நம் ஊரில் வலக்கைப் பிடி பெரும்பாலும் முன் சக்கரத்துக்கு. ஜெர்மனியில் பெரும்பாலும் இடக்கைப் பிடிதான் முன் சக்கரத்துக்கு. பதற்றத்தில் இடக்கையை இறுக்கினால் முன் சக்கரம் பூட்டித் தூக்கிப் போடும். கடை வாசலிலேயே சைக்கிளைத் தள்ளியபடி ஒவ்வொரு பிடியையும் தனித்தனியாக அழுத்தி எது எது என்று பார்த்துவிடுங்கள். அங்கேயே டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள், முன் பின் விளக்குகளை எரிய விடுங்கள், பூட்டு சட்டகத்தையும் கம்பத்தையும் சேர்த்துச் சுற்றுகிறதா என்று பாருங்கள். புடவை, நீளத் துப்பட்டா, வேட்டி அணிபவர்கள் சங்கிலி முழுவதும் மூடிய மாதிரியைக் கேட்டு வாங்க வேண்டும்.

அடுத்த ஆபத்து டிராம் தண்டவாளம். பெர்லினின் டிராம் பாதைகள் பெரும்பாலும் பழைய கிழக்குப் பகுதியில்தான் இருக்கின்றன என்பதால் இந்தச் சுற்றில் அவற்றைத் தவிர்க்கவே முடியாது. தண்டவாளக் காடிக்குள் சைக்கிள் டயர் கச்சிதமாக இறங்கும். இறங்கினால் ஹேண்டில்பாரைத் திருப்ப முடியாது, விழுவது நிச்சயம். எப்போதும் செங்கோணத்துக்கு நெருக்கமாகக் கடக்க வேண்டும். நனைந்த தண்டவாளத்தில் கடக்கும்போது பிரேக்கும் பிடிக்கக் கூடாது, திரும்பவும் கூடாது. ஃபிராங்க்ஃபர்ட்டர் டோரில் எம்10 டிராம் குறுக்கே போகிறது. லிஷ்டன்பெர்க்கின் ஹெர்ட்ஸ்பெர்க் தெருவில் எம்8 தண்டவாளம் உங்களோடு கூடவே வரும். அங்கே நம்பிக்கை இல்லையென்றால் இறங்கி நடைபாதையில் தள்ளிக்கொண்டு போங்கள்.

பெரிய சந்திப்பில் இடப்பக்கம் திரும்ப ஆறு தடங்களைக் குறுக்கிட முயல வேண்டாம். நேராகக் கடந்து எதிர்மூலையில் நின்று, அடுத்த பச்சையில் மீண்டும் நேராகப் போவதுதான் இங்குள்ள வழக்கம். அதற்கு அனுமதியும் உண்டு. வலப்புறம் திரும்பும் லாரியின் வலப்பக்கத்தில் நிற்பதோ முந்துவதோ உயிருக்கு ஆபத்து. ஓட்டுநருக்கு நீங்கள் தெரிய மாட்டீர்கள். 10 வயது நிறைந்தவர்கள் நடைபாதையில் ஓட்டக் கூடாது. 8 வயது முடியாத குழந்தைகள், தனியாகப் பிரித்த சைக்கிள் தடம் இல்லாத இடத்தில், நடைபாதையில்தான் ஓட்ட வேண்டும். துணைக்கு ஒரு பெரியவர் அவர்களோடு அங்கே ஓட்டலாம். தலைக்கவசம் கட்டாயமில்லை, அணிவது நல்லது. கையில் செல்பேசியைப் பிடித்தபடி ஓட்டினால் 55 யூரோ அபராதம். வரைபடத்தை ஹேண்டில்பாரில் மாட்டுங்கள், அல்லது நின்று பாருங்கள்.

இனி பாதை. மேற்கிலிருந்து கிழக்கே போங்கள், ரயிலில் திரும்புங்கள். பெர்லினில் காற்று பெரும்பாலான நாட்களில் மேற்கிலிருந்து வீசும், 20 கி.மீ.க்கு அது முதுகைத் தள்ளுவது சின்ன விஷயமல்ல. காலகட்ட வரிசையும் பெரும்பாலும் தானாக அமைந்துவிடும். அலெக்ஸாண்டர்பிளாட்ஸில் ஆசிரியர் மாளிகையைச் சுற்றியுள்ள ஓவியர் வால்டர் வோமாக்காவின் மொசைக் பட்டையை நின்று பார்த்துவிட்டு, கார்ல் மார்க்ஸ் அலே, ஃபிராங்க்ஃபர்ட்டர் டோர், ஃபிராங்க்ஃபர்ட்டர் அலே என்று நேர்கோடு. ஃபிராங்க்ஃபர்ட்டர் அலேயில் லாரி, கார் நெரிசல் அதிகம். பக்கத்துத் தெருக்களுக்கு விலகினால் அமைதி கிடைக்கும். ஆனால் கல் பாவிய தெருக்கள், மெல்லிய டயருக்குப் பல் கிடுகிடுக்கும்.

ருஷெ தெருவில் கிழக்கு ஜெர்மனியின் ரகசியப் போலீஸான ஸ்டாசியின் தலைமையகம். முதலாம் எண் கட்டடத்தில் அமைச்சர் மீல்கேயின் அறைகள் அப்படியே அருங்காட்சியகமாக இருக்கின்றன. உள்ளே போனால் குறைந்தது ஒன்றரை மணி நேரம் ஆகும். ஒரே நாளில் இதையும் மார்ட்சானையும் வைத்துக்கொள்ள வேண்டாம் என்பது எங்கள் கருத்து. வளாகத்துக்குள் சைக்கிளோடு ஒரு சுற்று வந்து, அது எத்தனை சாதாரணமான குடியிருப்புகளின் நடுவே இருந்தது என்று பார்த்தாலே போதும். இன்னொரு நாள் யு5-இல் வந்து உள்ளே பார்த்துக்கொள்ளலாம்.

பிறகு ஃபென்ஃபூலின் அன்டன் சேஃப்கோ பிளாட்ஸ். இங்கே உட்காருங்கள். கடைகள், நூலகம், குளம், சுற்றிலும் உயர்ந்த கட்டடங்கள். ஒரு குடியிருப்புக்குத் தேவையான அனைத்தும் நடக்கும் தூரத்தில் வர வேண்டும் என்ற திட்டம் கடைசிவரை நிறைவேறிய இடம் இது. ஹெர்ட்ஸ்பெர்க் தெருவில் டோங் சுவான் சந்தை. மின் கருவிகளுக்கான கரிப் பாகங்கள் செய்த பழைய அரசு ஆலை இருந்த நிலத்தில் வியட்நாமியர்கள் நடத்தும் நீண்ட கொட்டகைகள். 1980-இல் தொடங்கி ஒப்பந்தத் தொழிலாளர்களாக வந்த வியட்நாமியர்கள், 1990-இல் ஆலைகள் மூடப்பட்டபோது வேலையும் தங்குமிடமும் இழந்து, சொந்த வியாபாரத்தில் நிலைத்தார்கள். மதிய உணவுக்கு இந்தப் பாதையில் இதைவிட நல்ல இடம் இல்லை.

அங்கிருந்து அலே டெர் கோஸ்மோநாவ்டன் வழியாக மார்ட்சான். 1978-இல் விண்வெளிக்குப் போன முதல் ஜெர்மானியர் ஸீக்மண்ட் யேன் நினைவில் வைத்த பெயர். இங்கே கட்டடத்தின் மூலையில் நின்று ஒரு விஷயம் பாருங்கள். பலகையும் பலகையும் சேரும் கோடு தெரிகிறதா? தெரிந்தால், சிறு கூழாங்கல் பதித்த சாம்பல் நிறப் பரப்பும் தெரிந்தால், அது 1970–80-களின் அசல் முகம். பெரும்பாலான கட்டடங்களில் அது தெரியாது. இணைப்புக்குப் பின் வெப்பக் காப்புப் பலகை ஒட்டி, சாந்து பூசி, இளமஞ்சளும் ஆரஞ்சும் அடித்துவிட்டார்கள். குடியிருப்பவர்களுக்கு அது பெரிய நிம்மதி. குளிர்காலச் செலவு குறைந்தது. பார்க்க வருபவர்களுக்குத்தான் அசலைத் தேட வேண்டியிருக்கிறது. மூலைச் சுவர்களிலும் பள்ளிக்கூடங்களின் பக்கச் சுவர்களிலும் தேடினால் கிடைக்க வாய்ப்பு அதிகம்.

பழைய மார்ட்சான் கிராமத்தையும் விட்டுவிடாதீர்கள். உயரக் கட்டடங்களின் நடுவே தேவாலயம், தாழ்ந்த வீடுகள் என்று கிராமம் விடப்பட்டிருக்கிறது; அங்குள்ள காற்றாலை 1994-இல் கட்டப்பட்டது. பிறகு வூலே ஓடையோரப் பாதையில், கார் தொந்தரவு இல்லாமல், கீன்பெர்க் குன்றுப் பக்கம் வந்து ஹெல்லர்ஸ்டார்ஃப். அங்கே ஹெல்லர்ஸ்டார்ஃபர் தெரு 179-இல் ஒரு டபிள்யூபிஎஸ் 70 வீட்டை அறைகலன், சமையலறைச் சாமான்கள் உட்படப் பழையபடியே வைத்து அருங்காட்சியகமாக்கியிருக்கிறார்கள். வெளியே மணிக்கணக்காகப் பார்த்த பெட்டிக்குள் 61 சதுர மீட்டரில் ஒரு குடும்பம் எப்படி வாழ்ந்தது என்பதற்கு விடை இங்கேதான். திறப்பது ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் 2 முதல் 4 வரைதான் என்பதால் முழுநாளையும் இதை வைத்தே திட்டமிட வேண்டும். கிளம்பும் முன் நேரத்தை ஒருமுறை உறுதிசெய்துகொள்ளுங்கள். ஞாயிறு என்றால் போக்குவரத்தும் குறைவு. காலை 9.30-க்கு அலெக்ஸாண்டர்பிளாட்ஸில் கிளம்பினால், மேலே சொன்ன நிறுத்தங்களோடு, 2.30-க்கு அங்கே இருக்கலாம். மொத்தம் 22 முதல் 25 கி.மீ.

ஞாயிற்றுக்கிழமை பல்பொருள் அங்காடிகள் மூடியிருக்கும். தண்ணீரைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். உடைந்த புட்டிக் கண்ணாடி இந்தப் பாதையில் சகஜம், ஞாயிறு காலையில் இன்னும் அதிகம். பஞ்சரானால் சைக்கிள் கடையும் திறந்திருக்காது. ஒட்டத் தெரியாதவர்கள் பக்கத்து யு5 அல்லது எஸ்7 (எஸ்-பான்) நிலையத்துக்குத் தள்ளிக்கொண்டு போய் ரயிலேறுவதே நடைமுறை. வழிகாட்டியோடு போனால் இந்தக் கவலை அவருடையது.

யு5-உம் கால்நடையும்

சைக்கிள் ஓட்டாதவர்களுக்கும், நவம்பர் முதல் மார்ச் வரை வருபவர்களுக்கும் இதுதான் சரி. யு5 கார்ல் மார்க்ஸ் அலேக்கு அடியிலேயே ஓடி, லிஷ்டன்பெர்க் கடந்து, வூலேத்தாலைத் தொட்டு, ஹெல்லர்ஸ்டார்ஃப் வரை போகிறது. கிட்டத்தட்ட மேலே சொன்ன பாதைக்கு இணை. ஸ்ட்ராவ்ஸ்பெர்கர் பிளாட்ஸில் இறங்கி ஃபிராங்க்ஃபர்ட்டர் டோர் வரை நடந்தால் ஒன்றரை கி.மீ.க்குச் சற்று மேல். முற்றங்களோடு 2 மணி நேரம். மாக்டலேனன் தெருவில் ஸ்டாசி. கோட்புஸர் பிளாட்ஸில் அருங்காட்சியக வீடு. ஒரு நாள் பயணச்சீட்டு, பெர்லின் நகர எல்லையை அடக்கும் ஏபி மண்டலம், போதும். இழப்பது நடுவில் உள்ளதை. ஃபென்ஃபூல், மார்ட்சான் மையம் இரண்டும் யு5-இல் இல்லை. டிராமோ எஸ்7-ஓ மாற வேண்டும். ஒரு குடியிருப்பு எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது, இடையில் எத்தனை வெட்டவெளி என்பதும் பாதையின் சுரங்கப் பகுதியில் தெரியாது.

டிராபன்ட் கார் ஊர்வலம் என்று ஒன்றும் விற்கிறார்கள். 26 குதிரைத்திறன், டூ-ஸ்ட்ரோக் எஞ்சின், ஸ்டீயரிங் பக்கத்தில் கியர். காரில் ஆசை இருந்தால் அனுபவிக்கலாம். குடியிருப்பைப் பார்ப்பதற்கு அது உதவாது. கண் முழுக்க முன்னால் போகும் காரின் மீதுதான் இருக்கும்.

யாருக்கு எது

அரை நாள்தான் இருக்கிறது, இந்த வரலாறு புதிது என்றால் பொதுச் சுற்றுலா. பாதையில் முற்றங்களும் ஃபிராங்க்ஃபர்ட்டர் டோரும் இருக்கின்றனவா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு முழு ஞாயிறு இருக்கிறது, நகரச் சாலையில் ஓட்டும் பழக்கம் இருக்கிறது என்றால் தனியாக. இரண்டு நாள் இருந்தால் சனிக்கிழமை வழிகாட்டியோடு உள் நகரம், ஞாயிறு தனியாகக் கிழக்கு. முதல் நாள் கற்றது மறுநாள் முழுக்கப் பயன்படும். 8 முதல் 12 வயதுக் குழந்தைகளோடு வருபவர்கள் 25 கி.மீ.க்கு ஆசைப்படாமல், எஸ்7-இல் சைக்கிளோடு ஸ்பிரிங்ஃபூல் வரை போய், அங்கிருந்து பழைய மார்ட்சான், வூலே ஓடை, ஹெல்லர்ஸ்டார்ஃப் என்று அமைதியான கடைசித் துண்டை மட்டும் ஓட்டலாம். நகரச் சாலையே பழகாதவர்கள் வழிகாட்டி இல்லாமல் ஃபிராங்க்ஃபர்ட்டர் அலேயில் இறங்க வேண்டாம்.

எந்த வழியில் போனாலும் இவை மக்கள் இன்றும் வாழும் வீடுகள். முற்றத்தில் சைக்கிளிலிருந்து இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள். தரைத்தளத்து ஜன்னல்களையும் விளையாடும் குழந்தைகளையும் படம் எடுக்காதீர்கள். கதவு திறந்திருக்கிறதே என்று மாடிப்படிக்குள் நுழையாதீர்கள். மார்ட்சானைச் சேரி என்று பேசும் வழிகாட்டி கிடைத்தால் அவருக்கு அந்த இடம் தெரியாது என்று பொருள். குளியலறையும் மத்திய வெப்பமும் வெந்நீரும் உள்ள முதல் வீட்டை அங்கேதான் பெற்றோம் என்று சொல்லும் குடும்பங்கள் இன்னும் அங்கேயே இருக்கின்றன.

ரயிலில் சைக்கிளை ஏற்ற, உங்கள் சீட்டு போக சைக்கிளுக்குத் தனிச் சீட்டு வேண்டும். அதே ஏபி மண்டலம். சைக்கிள் குறியிட்ட கதவில்தான் ஏறலாம். தள்ளுவண்டிக்கும் சக்கர நாற்காலிக்கும் முன்னுரிமை. இடமில்லை என்றால் அடுத்த ரயிலுக்கு நிற்க வேண்டியதுதான். ஐந்தாறு சைக்கிள்களோடு வந்திருந்தால் இரண்டு இரண்டாகப் பிரிந்து வெவ்வேறு கதவில் ஏறுங்கள். டிராமில் ஏற்ற அனுமதி இருந்தாலும் இடம் கிடைப்பது அரிது, பேருந்தை நம்பவே வேண்டாம்.